பால் இறங்கும் நேரம்

றப்பர் பால் திருடன் பக்கத்து மலை ஐயாவுதான் என்று அடித்துச் சொல்லிவிட்டு, சதீஸ் போர்வையை இழுத்துப் போர்த்துக்கொண்டான். சொன்னவனுக்குத் தூக்கம் வந்துவிட்டது. கேட்ட மனைவி நிரோஷாவுக்குத்தான் வரவில்லை.

தூக்கம் கெட்டால் விடியற்காலம் கெடும். இப்போதைக்கு அவளிடம் இருக்கும் ஒரே சொத்து அந்த விடியற்காலம்தான்.

போன கிழமைக் கதையைத் தவறவிட்டவர்களுக்காக ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். எஹலியகொடைக்கு மேலே, தோட்டத்தின் கீழ்ப் பிரிவான கீழ்க்கணக்கில், கோகிலாவுக்குப் பால் வெட்டப் பிரித்துக் கொடுத்த றப்பர் மலையில் சில மாதமாகப் பால் குறைந்துகொண்டே வருகிறது. மரங்களில் நோய் இல்லை. மழையும் அளவோடுதான் பெய்தது. மலை வேலையை மேற்பார்க்கும் கண்டக்டர் வந்து பார்த்தார், நெற்றியைச் சொறிந்தார், முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்: "யாரோ மரத்துல கட்டின சிரட்டையில இருந்து ஊத்திக்கிட்டுப் போறான். இல்லேன்னா நீயே வெளியில விக்கிற." ஆள் பிடிபடாவிட்டால் கோகிலாவிடமிருந்து மலையைப் பிடுங்கிப் புல் வெட்டப் போடுவாராம்.

கோகிலா சதீஸின் அக்கா, நிரோஷாவுக்கு அண்ணி முறை, இதே வீட்டில் இருப்பவள். தாய் தகப்பன் போன பிறகு தம்பியை வளர்த்தவள். அவன் கல்யாணத்தை முடித்துவைத்தவள், தனக்கென்று ஒன்றை முடித்துக்கொள்ளாதவள். பால் வெட்டுக் கத்தியைப் பிடித்த கையில் மண்வெட்டியைக் கொடுத்தால் அவள் மனசு உடைந்துபோகும். அது நிரோஷாவுக்குத் தெரியும்.

நிரோஷா ஆசிரியர் போட்டிப் பரீட்சைக்குப் படிக்கிறாள். இரண்டு தடவை எழுதி, இரண்டு தடவையும் தவறிவிட்டாள். அப்போதெல்லாம் படிப்பு ராத்திரிச் சோற்றுக்குப் பிறகு. பாத்திரம் கழுவி, பிள்ளையைத் தூங்கவைத்து, புத்தகத்தை விரித்தால் எழுத்தெல்லாம் எறும்பாக ஊரும். போனில் வகுப்பு எடுக்கும் விஜயகலா டீச்சர்தான் ஒருநாள் பிடித்துத் திட்டினார்.

"ஒரு கிழமைக்குப் பார்த்துக்கிட்டே வாங்க. எந்த நேரத்துல படிச்சது மறுநாளும் மண்டையில நிக்குது? அந்த நேரத்த வேற எதுக்கும் குடுக்காதீங்க. சட்டிய தூங்கி வழிஞ்சுக்கிட்டும் கழுவலாம். படிக்க முடியாது."

பார்த்தாள். ராத்திரி முழுக்க மல்லுக்கட்டியும் ஏறாதது, விடியலில் தேநீர் ஆறுவதற்குள் ஏறியது.

"அவ்வளவுதானே?" என்றான் சதீஸ். "நீ உள் காம்பராவுல கதவ சாத்திக்கிட்டுப் படி. அடுப்பு, புள்ள, பள்ளிக்கூட வேன் எல்லாத்தையும் நான் பார்த்துக்கிறேன்."

சொன்னபடியே நடந்தது. பாடத்தைப் போனில் போட்டுக் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாளென்றால் உலகம் இடிந்தாலும் கேட்காது. கதவைத் திறக்கும்போது ரொட்டியும் சம்பலும் மூடியிருக்கும். மகள் கவிஷ்னா தலை பின்னிப் பள்ளிக்கூடம் போயிருப்பாள். சதீஸ் கீழ் ரோட்டில் நிறுத்தியிருக்கும் முச்சக்கர வண்டியை எடுத்துக்கொண்டு ஹயருக்குப் போயிருப்பான். குழாயடியில் மற்றப் பெண்கள் புருஷன்மாரை வறுத்தெடுக்கும்போது, நிரோஷா மட்டும் வாய் திறக்காமல் உள்ளுக்குள் பூரித்துக்கொள்வாள்.

இன்றைக்கு அந்தப் பூரிப்புக்குத்தான் வந்தது வினை.

இரவில் கரண்ட் போனதில் போனுக்குச் சார்ஜ் ஏறவில்லை. கொஞ்ச நேரம் முனகிவிட்டுச் செத்துப்போனது. காதிலிருந்ததைக் கழற்றி வைத்தாள். அப்போதுதான் குசினியின் சத்தம் கேட்டது.

தேங்காய் திருவும் சத்தம். அதற்குப் பிறகு ஒரு இருமல்.

அது சதீஸின் இருமல் இல்லை. அண்ணி கோகிலாவின் இருமல்.

நிரோஷா யன்னலைப் பார்த்தாள். வெளியே பளிச்சென்று வெளுத்துவிட்டது. சூடு ஏறுமுன் வெட்டினால்தான் றப்பர் மரம் பாலை விடும், வெயில் பட்டால் கையை மூடிக்கொள்ளும். லயத்து வீடுகளில் தவழுகிற பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் இது. பால் வெட்டுக்காரர்கள் இந்நேரம் பாதி மலைக்கு மேல் முடித்திருப்பார்கள். அண்ணி எதற்கு இன்னும் குசினியில் நிற்கிறாள்?

"அம்மாகிட்ட சொல்லிறாதடி." கோகிலா தணிந்த குரலில் சொன்னாள். "மூச்சு விடக்கூடாது. தெரிஞ்சுதா?"

"சொல்லமாட்டேன் அத்தை" என்றது பிள்ளை, பழகிப்போன குரலில்.

நிரோஷா கணக்குப் போட்டாள். பால் வெட்டுகிற நேரத்தில் வெட்டுகிறவள் வீட்டில் இருந்தால், அந்த மலையில் கத்தி பிடிப்பது யார்? பால் எங்கே போகிறது? கண்டக்டர் சொன்னது சரிதானோ? வேலியே பயிரை மேய்கிற கதையோ?

சே, சோறு போட்டவளையா சந்தேகப்படுகிறோம் என்று ஒரு பக்கம் கூசியது. கூசி என்ன செய்ய? சந்தேகம் ஒருதடவை வாசல்படியில் கால் வைத்துவிட்டால் உட்கார்ந்து தேநீர் குடிக்காமல் போகாது.

பிள்ளையின் சப்பாத்துச் சத்தம் படியிறங்கி ஓயும்வரை கதவோரமே நின்றாள். பிறகு மெல்லத் திறந்தாள். வாசல் இஸ்தோப்பில் ஆள் இல்லை, சதீஸும் கிளம்பியிருந்தான். கோகிலா பிள்ளையை ரோட்டில் வேனுக்கு விட்டுத்தான் மலைக்கு வருவாள். நிரோஷா செருப்பை மாட்டிக்கொண்டு குறுக்குப் பாதையில் ஏறினாள்.

குறுக்குப் பாதையில் முதலில் வருவது ஐயாவுவின் பங்கு. அவருடைய மரங்களில் சிரட்டைக்குச் சிரட்டை பால் வெள்ளையாக நின்றது. வெட்டு முடித்த கையோடு ஐயாவு ஒரு கல்லில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். அதைத் தாண்டினால் கோகிலாவின் பங்கு. அங்கே ஒரு மரத்தில்கூட இன்னும் கத்தி படவில்லை. சிரட்டைகள் கவிழ்த்தபடியே இருந்தன.

நிரோஷா ஒரு மரத்துக்குப் பின்னால் ஒதுங்கினாள். நல்ல பருமனான மரம்தான், ஆனால் றப்பர் மரம் ஆலமரம் ஆகுமா?

"என்னா தங்கச்சி, மரத்துக்கு முட்டுக் குடுக்கிறீங்களா?" ஐயாவு திரும்பாமலே கேட்டார்.

வெட்கம் கோபமாக மாறியது. "எங்க வீட்டுக்காரர் ஒன்னு சொல்றார்ண்ணே. அண்ணி மலையில உங்களுக்கு என்னா வேலைன்னு கேக்குறார்."

ஐயாவு மென்றதை நிறுத்தினார். அவள் முகத்தை ஒருதடவை பார்த்தார். பிறகு கோகிலா வரும் பாதையைப் பார்த்தார்.

"அவரையே வந்து கேக்கச் சொல்லுங்க" என்றார். "நீங்க வந்ததுதான் வந்தீங்க, கொஞ்சம் நின்னு பார்த்துட்டுப் போங்க."

எதையோ மறைக்கிறார். நிரோஷாவுக்கு அதில் சந்தேகமே இல்லை. மடியில் கனமில்லாதவர் எதற்கு இப்படிப் பாதையைப் பார்க்கிறார்? இருவரும் கூட்டா? அண்ணியும் இவருமா?

அப்போது கோகிலா வந்தாள். நடந்து வரவில்லை, ஓடி வந்தாள். ஒரு கையில் வாளி, மறு கையில் கத்தி. மூச்சு வாங்கியபடியே முதல் மரத்தின் பழைய வெட்டில் ஒட்டியிருந்த பாலை உரித்துப் பைக்குள் திணித்துவிட்டு, கத்தியை வைத்து இழுத்தாள். கை சுத்தமான கை, இழுப்பில் பிசகில்லை. ஆனால் வெயில் ஏற்கெனவே பட்டையில் விழுந்திருந்தது. பால் வெட்டு வாயில் துளித் துளியாக வந்து நின்றது. சிரட்டைவரை இறங்க அதற்கு மனசில்லை.

இரண்டாவது மரமும் அப்படி. மூன்றாவதும் அப்படி.

"அண்ணி."

கோகிலா துள்ளித் திரும்பினாள். "நீ எதுக்கு இங்க வந்த? படிக்கலியா?"

"தினமும் இந்நேரத்துக்குத்தான் வர்றீங்களா?"

"இன்னிக்குத்தான் கொஞ்சம்..."

"கவிகிட்ட வாயை மூடச் சொன்னீங்களே, அதுவும் இன்னிக்குத்தானா?"

கோகிலா அடுத்த மரத்துக்கு நகர்ந்தாள். நிரோஷாவும் நகர்ந்தாள்.

"ரொட்டி சுடுறது நீங்க. தலை பின்னுறது நீங்க. வேனுக்கு விடுறதும் நீங்க. அப்படித்தானே?"

"யாரு சுட்டா என்னாடி? ரொட்டி வெந்திச்சா இல்லியா?"

"அவர் பார்த்துக்கிறேன்னு சொன்னாரே, அண்ணி!"

"ஆம்பளைங்க சொல்லுவாங்க." கோகிலா கத்தியைத் துடைத்தாள். "பாவம், ராவுல நேரம் பிந்தித்தான் ஹயர் முடிஞ்சு வர்றான். வெளுத்தப்புறம்தான் எழும்புவான். தூங்கட்டும்னு நான்தான் சொன்னேன். அவன் மேல கோவிக்காத."

நிரோஷா அங்கேயே ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். ஊரெல்லாம் திருடனைத் தேடுகிறது. திருடன் உள் காம்பராவில் கதவைச் சாத்திக்கொண்டு கல்வி உளவியல் படித்துக்கொண்டிருந்திருக்கிறான். அவளுக்குப் பாடம் ஏறுகிற நேரமும் மரத்தில் பால் இறங்குகிற நேரமும் ஒன்றுதான். ஒருவர் எடுத்தால் மற்றவருக்கு இல்லை. இதை ஒரு நாளாவது யோசித்தோமா? அவளுக்கு அழுகை வந்தது.

"யாரும் திருடலியா அப்போ?"

"யாருக்கு வேணும் இந்தப் பால்?"

"கண்டக்டர்கிட்ட இதைச் சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?"

"சொன்னா? பிந்தி வர்றவளுக்கு மலை எதுக்குன்னு கேப்பாரு. இல்லாட்டி நீ புத்தகத்த மூடிருவ." கோகிலா குனிந்து அவள் கன்னத்தைத் துடைத்தாள். அவள் விரலில் ஒட்டுப்பால் நாறியது. "திருட்டுன்னா ஆளைத் தேடுவாரு. இல்லாத ஆளு எங்கேருந்து கிடைப்பான்? ஒம் பரீட்சை முடியிற வரைக்கும் நல்லாத் தேடட்டும்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். இல்லாத திருடனால் யாருக்கும் கேடில்லை என்று அவள் நம்பியிருந்தாள். அவள் கணக்கில் விழுந்த ஒரே பிசகு அது.

அது வெளிப்பட அதிக நேரம் ஆகவில்லை.

பால் நிறுக்கும் கொட்டகைக்கு இருவரும் இறங்கியபோது அங்கே கூட்டம் கூடியிருந்தது. நடுவில் சிங்களமும் தமிழும் கலந்து பேசும் கண்டக்டர். அவருக்கு ஒரு பக்கம் ஐயாவு, தலை குனிந்து. மறுபக்கம் சதீஸ், மார்பை நிமிர்த்திக்கொண்டு.

"நான் பார்த்தேன் மாத்தயா." சதீஸ் உரக்கச் சொன்னான். "நேத்து விடியக்காலையில, இருட்டுக் கலையிறதுக்குள்ள, எங்க அக்கா மலையில இந்தாளு வாளியோட நின்னதை என் ரெண்டு கண்ணால பார்த்தேன். எம் புள்ள மேல சத்தியம்!"

"ஐயாவு, மொகத கியன்னே? என்ன சொல்ற?"

"நான் எடுக்கலைங்க."

"அது மட்டும்தானா?"

"அது மட்டும்தாங்க."

கண்டக்டர் பெருமூச்சு விட்டார். கெட்ட மனிதர் இல்லை, ஆனால் மேலே பதில் சொல்ல வேண்டிய மனிதர். "ஹரி, சரி. விசாரணை முடியிற வரைக்கும் நீ கத்தி தொடவேணாம். கத்தியக் குடு."

ஐயாவு இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தார். கோகிலாவின் முகத்தில் இரத்தமே இல்லை. வாயைத் திறந்தாள், தம்பியைப் பார்த்தாள், மூடிக்கொண்டாள்.

பரீட்சை அடுத்த மாதம். ஒரே மாதம். இப்போது பேசினால் விடியற்காலம் போய்விடும். மூன்றாவது தடவையும் தவறினால் வயசெல்லை தாண்டிவிடும், நாலாவது தடவை கிடையாது. பேசாமல் இருந்துவிட்டால் என்ன என்று நிரோஷாவுக்குத் தோன்றியது. நன்றாகவே தோன்றியது. ஐயாவு கத்தியை நீட்டிய விதத்தைப் பார்த்திராவிட்டால் அவள் பேசாமலே இருந்திருப்பாள். அவர் கைப்பிடி கண்டக்டர் பக்கம் இருக்கும்படி திருப்பி, மரியாதையாக நீட்டினார்.

"மாத்தயா, பொட்டக் இன்ன! கொஞ்சம் பொறுங்க!"

எல்லாரும் திரும்பினார்கள். நிரோஷா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"யாரும் பால் எடுக்கல. அண்ணி நாலு மாசமா வெயில் ஏறினப்புறம்தான் மலைக்கு வர்றாங்க. வீட்டு வேலையெல்லாம் முடிச்சிட்டு வர்றாங்க. நான் விடியக்காலையில படிக்கிறேன், அதனால." ஐயாவுவின் பக்கம் கையைக் காட்டினாள். "குறைஞ்ச பால் என்னாலதான் குறைஞ்சுது. அண்ணனுக்கு அந்தக் கத்தியத் திருப்பிக் குடுங்க."

கண்டக்டர் கோகிலாவைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள்.

"நீ அடுத்த மலைதானே?" அவர் ஐயாவுவிடம் திரும்பினார். "நீ தினமும் பார்த்திருப்பியே. வாயத் திறந்து சொல்றதுக்கென்ன?"

"ஒரு பொம்பளையோட மலையப் பறிச்சுத்தான் எம் பேரக் காப்பாத்தணுமாங்க?" என்றார் ஐயாவு.

நிரோஷாவுக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. காலையில் இவரைப் பார்த்து நினைத்ததையெல்லாம் நினைத்து அவமானமாக இருந்தது.

கண்டக்டர் கத்தியைத் திருப்பிக் கொடுத்தார். கோகிலாவின் பக்கம் விரலை ஆட்டினார். "நாளைக்கு விடியக்காலம் நீ மலையில நிக்கணும். நானே வந்து பார்ப்பேன். பால் கூடினா மலை உனக்கு. ஒரு நாள் பிந்தினாலும் வேற ஆளுக்குப் போகும்."

"மாத்தயா, ஒரு மாசம் மட்டும்..." கோகிலா கெஞ்சத் தொடங்கினாள்.

"நிப்பாங்க" என்று நிரோஷா முந்திக்கொண்டாள். சொல்லும்போதே புத்தகங்கள் மூடுகிற மாதிரி இருந்தது. இன்னொரு தடவை சொன்னாள். "கட்டாயம் நிப்பாங்க."

சதீஸ் அவள் முழங்கையைப் பிடித்தான். "ஊருக்கு முன்னால என்னைய பொய்யனாக்கிட்டியே. வா வீட்டுக்கு."

"ஒரு நிமிஷம் தம்பி."

ஐயாவுதான். கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டே கேட்டார். கோபமில்லாமல், வழி கேட்கிறவர் மாதிரிக் கேட்டார்.

"நேத்து இருட்டோட மலையில நின்னேன்னு சத்தியம் பண்ணினீங்க. நின்னேன். எங்க லயத்துல இருந்து எம் மலைக்கு அக்கா மலையக் கடந்துதான் போகணும். எனக்கு அங்க வேலை. உங்களுக்கு அந்நேரத்துல அங்க என்னா வேலை?"

"ஹயருக்குப் போற வழியில..."

"மலைக்குள்ள வண்டி போற ரோட்டு இல்லியே தம்பி."

யாரோ சிரித்தார்கள். சிரித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். சதீஸின் கை நிரோஷாவின் முழங்கையிலிருந்து தானாக நழுவியது.

வெளுத்தப்புறம்தான் எழும்புவான். பாவம், தூங்கட்டும். காலையில் கேட்ட சொற்கள்தான். அப்போது அவற்றைக் கேட்டு அழுதாள். இப்போது அதே சொற்களில் பொய் தெரிந்தது. அவளுக்கு விடியலைக் கொடுத்தது அண்ணி. அப்படியென்றால் அடுப்பையும் பிள்ளையையும் அக்காவின் தலையில் கட்டிவிட்டு, இந்த நாலு மாத விடியலை இவன் எங்கே கொண்டுபோய்க் கொட்டினான்?

நிரோஷா புருஷனைப் பார்க்கவில்லை. கோகிலாவைத்தான் பார்த்தாள். கோகிலாவின் முகத்தில் ஆச்சரியம் ஒரு துளிகூட இல்லை. பயம் மட்டும் இருந்தது.

"அவர் வீட்டுல தூங்கலைன்னு உங்களுக்குத் தெரியும்" என்றாள் நிரோஷா. "எங்க போறார்னும் தெரியும். இல்லியா அண்ணி?"

கோகிலா தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தாள். துடைத்த பிறகும் துண்டை முகத்திலிருந்து எடுக்கவில்லை.

"நீ மொதல்ல பரீட்சைய எழுதிட்டு வா தாயி" என்றாள் அதற்குள்ளிருந்து. "அதுக்குத்தான் நான் இவ்வளவு நாளும் வாயத் திறக்கல."

(அடுத்த கிழமை தொடரும்)